எண்பதாம் வாசல்

பார்சல் பதினொரு நாள்
தோட்ட ஆபீஸ் அலமாரியில் கிடந்தது.
மேலே என் பெயர், டிவிசன் பெயர், மஸ்கெலியா.
அவ்வளவுதான் எங்களுக்கு விலாசம்.
நூற்றிருபது குடும்பத்துக்கு ஒரே தபால் பை;
கணக்கப்பிள்ளைக்கு நினைவு வரும் நாளில்
பெயர் கூப்பிடுவார்.

உள்ளே பெருவிரல் அகலத்தில் ஒரு நீலப் பலகை.

மலைமேல் டாங்கியின் மூடிக்கடியில் அதைக் கட்டினேன்.
பழைய சோலர் விளக்கின் பேட்டரி,
மழைக்கு ஒரு மாஜரின் டப்பா,
தண்ணீரை நோக்கிக் கூவி
எதிரொலிக்குக் காத்திருக்கும் இரண்டு கண்.
அன்று மாலை என் போனில்
வெள்ளைப் பக்கம், கறுப்பு எழுத்து:
தண்ணீர் 41 செ.மீ.

வால்வு திறக்கும் சவரிமுத்து அண்ணன்
இருநூறு படி ஏறாமலே
"நாப்பத்தொண்ணா?" என்று பீடியை அணைத்தார்.
பகலில் அவருக்கு டவுனில் லொறி வேலை.
ஆற்றுப் பாலம் தாண்டினால்
பக்கம் வராது, வட்டம்தான் சுற்றும்.
"அங்கருந்து பாக்கிற மாதிரி ஒண்ணு செய் தங்கச்சி."

ஜன்னல் கம்பியில் தொங்கிய ரௌட்டரிடம் சொன்னேன்:
எண்பதாம் வாசலில் யார் தட்டினாலும்
டாங்கிக்கு அனுப்பு.
சரி என்று சேமித்துக்கொண்டது.
மூன்று இரவு
ஒருவரும் தட்டவில்லை.

நாலாம் இரவுதான் கண்ணில் பட்டது:
தன் வெளி விலாசமென்று ரௌட்டர் நம்பியிருந்ததே
பத்தில் தொடங்குகிறது.
அதுவும் உள்விலாசம்.
கம்பனி எங்கோ ஒரு கட்டடத்தில் இருந்துகொண்டு
இந்த மலையின் சிம்களுக்கெல்லாம்
ஒரே விலாசத்தைப் பங்குவைத்திருக்கிறது.
என் வாசலுக்கு வெளியே இன்னொரு வாசல்,
அதன் சாவி அவர்கள் மேசையில்.

சிரித்துவிட்டேன்.
இந்த ஏற்பாட்டுக்குள்தானே பிறந்தேன்.

ஹொட்லைனில் ஒரு பெண் மரியாதையாகச் சொன்னாள்:
நிரந்தர விலாசம் தரலாம் மிஸ்,
வீட்டு விலாசத்தை உறுதிப்படுத்த
உங்கள் பெயரில் ஒரு கரண்ட் பில் அனுப்புங்கள்.

விலாசம் வாங்க விலாசம்.
போனை வைத்துவிட்டுத் தேத்தண்ணி ஊற்றினேன்.

உள்ளே வருபவரைத்தான் மறிப்பார்கள்.
வெளியே போகிறவரை இங்கே யார் கேட்டார்கள்?
சிங்கப்பூரில் ஒரு மூலையை
என் ரீலோட் காசளவு வாடகைக்கு எடுத்தேன்,
கட்டியது மச்சான் டிலோஜனின் கார்டில்.
கண்ணாடி உடைந்த பழைய போன் ஒன்று
இங்கிருந்து அதை அழைத்து
வைக்காமல் பேசிக்கொண்டே இருக்கிறது.
இருபது வினாடிக்கொருமுறை
இருக்கியா?
இருக்கேன்.
யார் அந்த மூலையில் தட்டினாலும்
இந்தக் கம்பி வழியே சத்தம் டாங்கிக்கு ஏறும்.

பதினேழாவது நிமிடம் முதல் விருந்தாளி.
எந்த நாடென்று தெரியாத ஓர் எண்
அட்மின் இருக்கிறாரா என்றது.
அடுத்தது கடவுச்சொல் கோப்பைக் கேட்டது.
இன்னொன்று நான் வைக்காத கதவு நாற்பதை
வரிசையாகத் தட்டி
நாற்பது நானூற்றி நாலு வாங்கிக்கொண்டு போனது.
தபால்காரர் வந்திராத லயத்துக்குக்
கள்ளர் வந்துவிட்டார்கள்.
பயந்தேன்.
கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது, பொய் சொல்வானேன்.

வால்வைத் திறக்க ஒரு பொத்தானும் எழுதிவைத்திருந்தேன்,
சிவப்பில், வட்டமாக, அழகாக.
அன்றிரவே அழித்தேன்.
பார்க்கலாம், யாரும் பார்க்கலாம்.
தண்ணீரைத் திறக்க
ஒரு கை இந்த மலை ஏறியாக வேண்டும்.

சனிக்கிழமை நாலு பன்னிரண்டுக்கு
பதிவில் ஒரே ஒரு வரி,
கேட்டது முதல் பக்கத்தை மட்டும்.
கொடுத்தது: 63.
நாலரை பஸ்ஸில் அவர் வந்திறங்கியபோது
பீலிக்கரையில் குடங்கள் ஏற்கெனவே சண்டைபோட்டுக்கொண்டிருந்தன.

பக்கத்தின் தலைப்பு அதுவரை "டெஸ்ட் 2".
மாற்றி எழுதினேன்:
ஆறாம் லயம், மேல் டாங்கி.

ஆபீஸில் எனக்கு இன்னொரு பார்சல் கிடக்கிறதாம்.
ஒன்பது நாளாக.